பத்தொன்பது நாள் பிந்திய லப்டொப்

மூன்று நாளாக அடைமழை. டச்சுக்குடாப் பக்கமிருந்து கடல் இரைவது என் மேசைவரை கேட்டது. ஒரு காணி உறுதியின் ஆறாம் பக்கத்தில் எல்லைகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னாரின் வாரிசுகளுக்குச் சொந்தமான வளவு, தெற்கே என்று தட்டுவதற்குள் திரை கறுத்துவிட்டது. சத்தமில்லை, புகையில்லை, கருகின வாசமில்லை. வயதான மனிதர்கள் சிலர் தூக்கத்திலேயே போவார்களே, அப்படி ஒரு சாவு. லப்டொப்புக்கு வயது இரண்டுதான்.

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், காணி உறுதி, வழக்குக் கட்டு என்று மூன்று மொழிகளுக்கிடையில் ஓடித் திரிகிற வேலை. திருகோணமலையில் இந்த வேலைக்குப் பஞ்சமில்லை. வெளிநாடு போகிற பிள்ளைக்குச் சான்றிதழ் வேண்டும், நீதிமன்றத்துக்கு உறுதி வேண்டும், இரண்டும் நாளைக்கே வேண்டும். லப்டொப் வாங்கும்வரை பழைய மேசைக் கணினியில்தான் செய்து வந்தேன். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரத்தை வெட்டினார்களே, அந்தக் கோடையில் மேசைக் கணினி மேசையாக மட்டும் இருந்தது. லப்டொப் வாங்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். கையில் காசு சேர்ந்தது டிசம்பரில். டொலர் அதற்குள் 360 ரூபாவைத் தாண்டி நின்றது. ஒரு வருடத்துக்கு முன் 150,000க்குக் கிடைத்திருக்கக்கூடிய சாமானை 285,000 கொடுத்து வாங்கி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் வந்தேன். இரண்டு வருட வாரண்டி என்றார்கள். அந்த இரண்டு வருடமும் வாரண்டிக் காட்டை ஒருமுறைகூட விரித்துப் பார்க்கவில்லை. ஊரார் உறுதியை எழுத்தெண்ணி வாசிக்கிறவன் தன் வீட்டுக் கடதாசியை வாசிக்கவில்லை.

முதலுதவி எல்லாம் எனக்குத் தெரிந்தவரை செய்தேன். அயல்வீட்டுப் பிள்ளையின் சார்ஜரை வாங்கிக் குத்திப் பார்த்தேன், அதுவும் 19 வோல்ட்தான். அசைவில்லை. சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பொத்தானை 30 செக்கன் அழுத்திப் பிடித்தேன். உள்ளே தங்கி நிற்கிற மின்சாரம் வடிந்து, குழம்பிப்போன லப்டொப் சிலவேளை தானே எழும்பும். பல பேருக்கு இது பலித்திருக்கிறது, எனக்குப் பலிக்கவில்லை. டிவியில் எச்டிஎம்ஐ வயரைக் கொடுத்துப் பார்த்தேன், திரை மட்டும் செத்திருந்தால் டிவியிலாவது படம் வர வேண்டுமல்லவா. வரவில்லை. காதை வைத்துக் கேட்டேன், விசிறி சுற்றவில்லை. சார்ஜர் குத்தினால் ஓரத்தில் எரிகிற சின்ன வெளிச்சமும் இல்லை. மனைவி வந்து பார்த்துவிட்டு, "அரிசிக்குள்ள போட்டு வைங்கோவன்" என்றாள். தண்ணீரில் விழுந்த போனுக்கே அரிசி மருந்தில்லை என்று விளக்கப்போய் அன்றிரவு புட்டோடு கறி எதுவும் வரவில்லை.

மறுநாள் காலை பில்லைத் தேடினேன். கிடைத்தது. வெள்ளைக் கடதாசி. வெறும் வெள்ளை. கடைகளில் அச்சடித்துத் தருகிற அந்த வழுவழுப்பான தாளில் மை கிடையாது, சூட்டில் கறுக்கிற பூச்சு மட்டும்தான். அதே சூடு பிறகு தாளையும் எழுத்தையும் பாழாக்கும். நம்முடைய ஊர் வெயிலில், அதுவும் தகரக் கூரைக்குக் கீழே இருக்கிற அலுமாரியில், இரண்டு வருடம் அதற்கு அதிகம். 1890களின் உறுதிகள் என் கைக்கு வருகின்றன, கறையான் தின்ற இடம் போக மிச்ச எழுத்து கறுப்பாகத்தான் நிற்கிறது. (கோட்டைக்குள்ளிருந்து இறங்கி வரும் புள்ளிமான்கள் தெருவில் கிடக்கிற கடதாசியைத் தின்பதை ஊரில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். என் பில்லை எந்த மானும் சீண்டியிராது.)

நல்லகாலம், வாங்கின அன்றைக்கே பில்லைப் போனில் ஒரு படம் எடுத்திருந்தேன். தேதி தெரிந்தது: 2022 டிசம்பர் 2. லப்டொப் செத்தது 2024 டிசம்பர் 21. பத்தொன்பது நாள்.

கடைக்குப் போனேன். கடையில் இருந்த தம்பி நல்ல பிள்ளை, கதிரை போட்டுத் தந்தது. படத்தைப் பார்த்தது, நாட்களை எண்ணியது, உதட்டைப் பிதுக்கியது.

"அண்ணை, ரெண்டு கிழமைக்கு முந்தி வந்திருந்தா எப்பிடியும் கதைச்சுப் பாத்திருப்பன்."

"ரெண்டு கிழமைக்கு முந்தி இது வேலை செய்ததே தம்பி."

அதற்கு அதனிடம் பதிலில்லை. லப்டொப்பைத் திருப்பி அடியில் இருந்த தொடரிலக்கத்தைக் கம்பனியின் தளத்தில் அடித்துக் காட்டியது. அங்கே எனக்கு இன்னொரு அதிர்ச்சி. கம்பனிக் கணக்கின்படி வாரண்டி செப்டெம்பரிலேயே முடிந்திருந்தது. நான் வாங்கின நாளை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அதனால் தொழிற்சாலையிலிருந்து விநியோகஸ்தருக்கு அனுப்பின நாளிலிருந்து எண்ணியிருக்கிறார்கள். மூன்று மாதம் கொழும்புக் களஞ்சியத்தில் பெட்டிக்குள் தூங்கின காலத்துக்கும் வாரண்டி ஓடியிருக்கிறது. புது லப்டொப் வாங்குகிறவர்கள் அன்றைக்கே இந்தத் தேதியைப் பாருங்கள். பிழையாக இருந்தால் பில்லை அனுப்பித் திருத்தலாம், அது வாரண்டி உயிரோடு இருக்கும்போதுதான் முடியும்.

பத்தொன்பது நாள் என்பது என்னைப் போட்டு ஆட்டியது. பத்து மாதம் பிந்தியிருந்தால் சரி என்று விட்டிருப்பேன். பத்தொன்பது நாள் என்றால் பஸ் கண்முன்னே புறப்பட்டுப் போவது மாதிரி. ஒரு வழக்கறிஞர் நண்பரிடம் புலம்பினேன். அவர் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தில் தொடங்கினார். வாரண்டிக் காட் இருக்கிறதோ இல்லையோ, விற்கிற சாமான் விற்பதற்கேற்ற தரத்தில் இருக்க வேண்டும் என்பது அதில் உள்ளே பொதிந்த நிபந்தனை, ஆனால் விற்ற நாளிலேயே அந்தக் குறை இருந்தது என்று நீதான் காட்ட வேண்டும் என்றார். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அடி என்றும் சொன்னார். இரண்டு வருடம் ஒழுங்காக உழைத்த லப்டொப் பிறக்கும்போதே நோயாளி என்று நான் எதை வைத்துக் காட்டுவது? அடிக்கவில்லை.

அன்றிரவு வேலையும் இல்லை, கணினியும் இல்லை. வாரண்டிக் காட்டை எடுத்தேன். ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் நாலு பக்கம். பழக்கதோஷம், வெள்ளைத் தாளில் பேனையால் மொழிபெயர்க்கத் தொடங்கினேன். முதல் அரைப் பக்கம் எதற்கெல்லாம் பொறுப்பு என்று. மிச்சம் மூன்றரைப் பக்கம் எதற்கெல்லாம் பொறுப்பில்லை என்று. மின்னல், மின்னழுத்த ஏற்ற இறக்கம், திரவம், பூச்சி, தேய்மானம், துரு, அரிப்பு. பிறகு ஓரிடத்தில் 'தெய்வச் செயல்' என்று வந்தது. நான் இருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் சுவாமி மலை தெரியும். கோணேசரையும் விலக்குப் பட்டியலில் போட்டுவிட்டார்கள் என்று சிரித்துக்கொண்டேன். கடைசிப் பக்கத்தில், சேமித்து வைத்த எந்தத் தகவலுக்கும் எந்தச் சந்தர்ப்பத்திலும் பொறுப்பேற்க மாட்டோம் என்று கறுப்பெழுத்தில் போட்டிருந்தது.

எனக்கு வேண்டியது அந்தக் கடைசிப் பக்கத்துச் சாமான்தான். லப்டொப் போனால் கடன்பட்டாவது இன்னொன்று வாங்கலாம். உள்ளே இரண்டு வருட வேலை கிடந்தது. நூற்றுக்கணக்கான உறுதிகளின் மொழிபெயர்ப்பு, பழைய உறுதிகளில் வருகிற சொற்களுக்கு நானாகத் தொகுத்து வந்த ஒரு பட்டியல். தோம்பு, முதுசம், ஆட்சி என்று இருநூறு சொல்லுக்கு மேல், ஒவ்வொன்றுக்கும் சிங்களமும் ஆங்கிலமும். அதற்குப் பிரதி எடுத்து வைக்கவில்லையா என்று கேட்கப் போகிறீர்கள். ஒரு பென் டிரைவில் எட்டு மாதத்துக்கு முன் எடுத்தது. மேற்கொண்டு கேட்காதீர்கள்.

கடைத் தம்பி லப்டொப்பைக் கொழும்பில் கம்பனியின் சேவை நிலையத்துக்கு அனுப்பி வைத்தது. பார்க்கக் கூலி 3,500. ஒன்பது நாள் கழித்து ஒரு பெண்பிள்ளை நல்ல தமிழில் எடுத்துப் பேசினாள்.

"சேர், மதர்போர்ட் மாத்த வேணும். 142,000 வரும். ஓம் என்றால் மூன்று கிழமை."

"போர்டில என்ன பழுது?"

"போர்ட் வேலை செய்யேல்ல சேர்."

"அது தெரியும் பிள்ளை. போர்டில எது பழுது?"

சற்று மௌனம். பிறகு அதே குரலில், "போர்ட் மாத்த வேணும் சேர்."

அந்தப் பிள்ளையில் பிழையில்லை. அதன் முன்னாலிருந்த படிவத்தில் அந்த ஒரு வரிதான் இருந்திருக்கும். அந்த நிலையங்களில் வேலை செய்கிறவர்களுக்குப் பழக்கியிருப்பது துண்டு துண்டாக மாற்ற: திரை, கீபோர்ட், பற்றரி, போர்ட். போர்டுக்குள் இருக்கிற ஆயிரம் பொடிச் சாமானில் எது செத்தது என்று தேட அவர்களுக்கு நேரமில்லை. தேடிப் பிடித்து ஒட்டினாலும் கம்பனியின் பெயரில் அதற்குப் பொறுப்பு நிற்க வேண்டும். புது போர்ட் என்றால் கணக்கு நேர். என்ன, அந்த நேர்க்கணக்கு புது லப்டொப்பின் பாதி விலை. அதோடு வேறொரு பயமும் இருந்தது. உள்ளே கிடப்பவை மற்றவர்களின் உறுதிகள், மற்றவர்களின் பிறப்புச் சான்றிதழ்கள். அவற்றை முகந்தெரியாத மேசையில் மூன்று கிழமை விட எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம், அப்படியே அனுப்புங்கள் என்றேன்.

கிண்ணியாவில் ஒரு நானா இருக்கிறார் என்று சொன்னது மீன் வாங்கப் போன இடத்தில் ஒருவர். அவருடைய மகளின் லப்டொப்பை இரண்டு தரம் எழுப்பித் தந்தவராம். பெயர்ப்பலகை இல்லாத கடை, பள்ளிவாசல் ஒழுங்கை, கேட்டால் யாரும் காட்டுவார்கள்.

ஒரு சனிக்கிழமை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். சீனக்குடாவைத் தாண்டும்போது, பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளை நினைத்தேன். காட்டுக்குள் எண்பது வருடத்துக்கு மேலாக உப்புக்காற்றைக் குடித்து நிற்கிற இரும்பு. என் லப்டொப்பெல்லாம் எம்மாத்திரம். அப்புறம் கிண்ணியாப் பாலம். 396 மீற்றர், 2009இல் திறந்தது. அதற்கு முன் பாதையில்தான் கடக்க வேண்டும். இந்தியத் தமிழர் வாசித்தால் குழம்புவார்கள், இங்கே பாதை என்றால் ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றிக் கடக்கிற மிதவை. நான் பள்ளிக்கூடக் காலத்தில் மழையில் பாதைக்காகக் காத்து நின்ற நேரத்தைக் கூட்டினால் ஒரு வாரண்டிக் காலம் வரும்.

நானாவுக்கு அறுபது வயதிருக்கும். கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி மாட்டியிருந்தார். கடை என்பது வீட்டு விறாந்தை. மேசையில் பழைய ரேடியோ ஒன்றின் வயிறு திறந்து கிடந்தது. நான் என் சோகக் கதையை டச்சுக்குடாவிலிருந்து தொடங்கப்போனேன்.

"இரிங்க தம்பி. கொழும்புல என்ன சொன்னாங்க?"

"போர்ட் போயிற்றுதாம் நானா."

"போர்ட் எங்க போகும்? இங்கதானே இரிக்கி."

சொல்லிக்கொண்டே அடி மூடியைக் கழற்றிவிட்டார். உள்ளேயிருந்து முதலில் எடுத்தது எஸ்எஸ்டி, சூயிங்கம் துண்டளவு ஒரு பச்சைத் தகடு. இதற்குள்தான் உங்கட சாமான், இது உயிரோட இருந்தா மிச்சத்தை ஆறுதலாப் பாப்பம் என்று அதைத் தன்னுடைய கணினியில் ஒரு யூஎஸ்பிக் கூட்டுக்குள் வைத்துக் குத்தினார். கணினி தகட்டைக் கண்டுகொண்டது. எனக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிடம் ஒரு கட்டம் எழும்பி 48 இலக்கத் திறப்பைக் கேட்டது. ஆறு ஆறாக எட்டுக் கட்டு.

"திறப்பு தெரியுமா?"

திறப்பு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. நானா விளக்கினார். இப்போது வருகிற லப்டொப்புகள் பலவற்றில், மைக்ரோசொப்ட் கணக்கொன்றைப் போட்டு வின்டோஸைத் தொடங்கினால், உள்ளே இருப்பதையெல்லாம் அது தானாகவே பூட்டிவிடும். திறப்பின் ஒரு பிரதி அந்த போர்டுக்குள் இருக்கும், அதனால் அதே லப்டொப்பில் திறக்கும்போது பூட்டு இருப்பதே தெரியாது. இன்னொரு பிரதி அந்தக் கணக்கில் இருக்கும். லப்டொப்பைக் களவெடுத்தவன் தகட்டைக் கழற்றி வாசிக்க முடியாது. நல்ல ஏற்பாடு. உரிமையாளனும் வாசிக்க முடியாது என்பதுதான் அன்றைய கதை.

சரி, கணக்கில் இருக்கிறதே, அதைத் திறந்து எடுத்தால் போயிற்று. ஆனால் கணக்கை நான் தொடங்கவில்லை. 2022இல் கடையில் லப்டொப்பைப் பிரித்துச் செட் பண்ணித் தந்த பொடியன், அண்ணை ஒரு ஈமெயில் வேணும் என்றான், நான் நீயே ஒன்றைப் போடு தம்பி என்றேன். அவன் போட்டான். எதைப் போட்டான் என்பது அந்த வெள்ளையாகிப்போன பில்லின் பின்பக்கத்தில்கூட இல்லை. கொழும்பில் போர்டை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் யோசித்தேன். புது போர்டுக்கு என் தகடு அந்நியன். 142,000 கொடுத்து, திறப்பில்லாத ஒரு பெட்டகத்தை வாங்கியிருப்பேன்.

அந்தப் பொடியன் இப்போது கட்டாரில். கடைத் தம்பியிடம் இலக்கம் வாங்கி வட்ஸப்பில் கேட்டேன். இரவு வேலை முடிந்து வந்து குரல்பதிவு போட்டிருந்தான், பாவம். "அண்ணை, நான் எத்தினை லப்டொப் செட் பண்ணியிருப்பன்... உங்கட பேரும் 2022உம் சேர்த்துப் போட்டிருப்பன் எண்டு நினைக்கிறன்." நினைத்தது சரிதான். நாலாவது முயற்சியில் ஈமெயிலைக் கண்டுபிடித்துவிட்டோம். கடவுச்சொல்லும் அவன் வழக்கமாகப் போடுகிறதுதான். உள்ளே விடுமுன் ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறேன் என்றது கணக்கு. அனுப்பியது கடையின் பழைய சிம்முக்கு. அந்த சிம்மைக் கடை எப்போதோ கைவிட்டுவிட்டது.

ஆக மிச்சம் ஒரே வழி. அதே போர்டை எழுப்ப வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி பாலத்தைக் கடந்தேன். விட்டிட்டுப் போங்க என்றார் நானா. மற்றவர்களின் உறுதிகள் உள்ளே இருக்கின்றன, பக்கத்தில் இருக்கிறேனே என்றேன். அவர் கோபிக்கவில்லை. உள்ளே பார்த்து, பிளேன்ரீ ரெண்டு என்று குரல் கொடுத்தார். அதற்குப் பிறகு நான் கண்டதை இரண்டு மணித்தியாலமும் கண்ணிமைக்காமல் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

போர்டை முழுதாக வெளியே எடுத்துப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தார். என்னையும் குனியச் சொன்னார். விசிறி காற்றை உள்ளிழுக்கிற வாய்க்குப் பக்கத்தில், ஒரு சதுர அங்குலத்தில், பச்சையும் நீலமுமாகப் பூத்திருந்தது.

"களிம்பு. எங்க வச்சு வேலை செய்வீங்க?"

"யன்னலோரம்."

"கடல் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப சரி" என்றார், டொக்டர் மாதிரி.

சைவசமயப் பாடத்தில் ஆணவ மலத்துக்கு உதாரணம் எழுதச் சொன்னால் நெல்லுக்கு உமி, செம்புக்குக் களிம்பு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவோம். செம்போடு கூடவே பிறந்தது, வெளியிலிருந்து வந்ததில்லை என்று வாத்தியார் அழுத்திச் சொல்வார். இது வெளியிலிருந்து வந்ததுதான். மாரி காலத்தில் குசினியில் உப்புப் போத்தல் கசிந்து கட்டியாகிறதே, அதே கதை. காற்றில் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடற்காற்றில் கலந்து வருகிற உப்புத் தூளை விசிறி உள்ளே இழுத்துச் செப்புக் கோடுகளின் மேல் தூவுகிறது. வெயில் காலத்தில் அது சும்மா தூசி. வாடை தொடங்கி மழை பிடித்ததும் அந்தத் தூசி நனைந்து மின்சாரம் பாய்கிற படலமாகிறது. நம்முடைய லப்டொப்புகள் மாரியில் சாவதற்கு மின்னலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

பல் தீட்டுகிற தூரிகையாலும் ஸ்பிரிட்டாலும் களிம்பைக் கழுவினார். அடுத்து மீற்றரின் ஒரு முனையை போர்டின் நிலப் பாதையிலும் மறு முனையை சார்ஜரின் 19 வோல்ட் போகிற பாதையிலும் வைத்தார். பீ என்று விடாமல் கத்தியது. ஷோர்ட். சார்ஜரிலிருந்து வருகிற மின்சாரம் வேலைக்குப் போகாமல் எங்கேயோ நேராக நிலத்துக்கு ஓடுகிறது, அதனால்தான் சார்ஜர் பயந்து தன்னை அடைத்துக்கொள்கிறது, வெளிச்சமும் எரிவதில்லை. எங்கேயோ என்றால் எங்கே? அந்தப் பாதையில் தொங்குகிற கொள்ளளவிகள் மட்டும் இருபதுக்கு மேல். பள்ளிக்கூடத்தில் நாம் கொள்ளளவி என்று படித்தது, நானா சொன்னது கப்பாசிட்டர். ஒவ்வொன்றும் குறுணல் அரிசியளவு, எல்லாம் ஒரே பழுப்பு, ஒன்றிலும் எழுத்தில்லை.

இங்கேதான் அந்த மனிதர் என்னை வாயடைக்க வைத்தார். போர்டின் மேல் ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு முழுவதையும் ஈரமாக்கினார். ஒரு வோல்ட் மட்டும் வருகிறபடி தன் பெட்டியைத் திருப்பி அந்த ஷோர்ட் பாதைக்குள் மின்சாரத்தைச் செலுத்தினார். ஒரு வோல்ட் யாரையும் கொல்லாது, நல்ல சாமானுக்கும் கேடில்லை. ஆனால் ஓட்டையான இடத்தில் மின்சாரம் முழுவதும் பாய்ந்து அந்த இடம் சுடும். "இப்ப பாருங்க" என்றார். போர்ட் முழுக்கப் பளபளவென்று நனைந்திருக்க, களிம்பு பூத்திருந்த மூலைக்குப் பக்கத்தில் ஒரு குறுணல் மட்டும் மளமளவென்று காய்ந்தது. சுற்றிலும் ஈரம், நடுவில் அது ஒன்று மட்டும் உலர்ந்து நின்றது. விரலால் தொட்டுவிட்டு விரலை உதறினார்.

"இந்தா இரிக்கார் ஆள்."

சூட்டுக் காற்றுத் துப்பாக்கியைப் பிடித்தார், சாமணத்தால் அதைத் தூக்கினார், மீற்றரை வைத்தார். கத்தவில்லை. இதே மாதிரி பக்கத்தில் இன்னும் நாலைந்து பேர் வேலை செய்கிறாங்க, இவர் இல்லாமலும் ஓடும், ஆனா இடத்தை வெறுமையா விடக்கூடாது என்று, செத்த போர்டுகள் குவித்து வைத்திருந்த பிஸ்கட் தகரத்தைக் கிளறி அதேபோன்ற ஒன்றை எடுத்து ஒட்டினார். எழுபதுகளில் இவருடைய வாப்பா இதே விறாந்தையில் வால்வு ரேடியோ திருத்தினாராம். அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், கண்ணால் பார், மூக்கால் மண, பிறகு மீற்றரைத் தொடு என்பதாம். பிளேன்ரீ ஆறிப் போயிருந்தது. யாரும் குடிக்கவில்லை.

சார்ஜரைக் குத்தினோம். ஓரத்துச் சின்ன வெளிச்சம் எரிந்தது. விசிறி ஒருதரம் பெருமூச்சு விட்டது. 48 இலக்கம் கேட்குமோ என்று என் வயிறு கலங்கியது. கேட்கவில்லை. அதே போர்ட், அதே பிரதி. நேரே என்னுடைய திரை, கோப்பைத் திறந்தால் அந்த உறுதியின் ஆறாம் பக்கம், 'கிழக்கே' வரை. தெற்கு மட்டும் இல்லை.

நானா என்னை அதில் கைவைக்க விடவில்லை. முதல் வேலை முதல் என்று ஒரு கறுப்புச் சாளரத்தைத் திறந்து ஒற்றை வரி ஒன்றைத் தட்டினார், 48 இலக்கமும் வரிசையாக வந்து நின்றன. எழுதிக்கொள்ளச் சொன்னார். அடுத்து நான் கொண்டுபோயிருந்த வெளி டிஸ்கில் எல்லாவற்றையும் பிரதி எடுத்தோம். வீட்டுக்கு வந்த பிறகு என் சொந்த ஈமெயிலில், என் சொந்த போன் இலக்கத்தில் கணக்கை மாற்றிக்கொண்டேன்.

9,500 ரூபா என்றார். நான் பத்தாயிரம் கொடுத்தேன், ஐந்நூறைத் திருப்பித் தந்தார். உங்கட வேலைக்கு எத்தனை நாள் வாரண்டி நானா என்று கேட்டேன், பகிடிக்குத்தான்.

"பாலம் தாண்டுற மட்டும்" என்றார். பிறகு சிரித்துவிட்டு, ஒரு கொப்பித் தாளைக் கிழித்து நீலப் பேனையால் எழுதினார்: இன்ன திகதி, இன்ன சாமான் மாற்றியது, ஒரு மாதம். கீழே கையொப்பம். திருத்தியது என்ன என்று எழுத்தில் எனக்குத் தந்த முதல் ஆள் அவர்தான். அந்த ஒரு வரியைத்தான் கொழும்புப் பிள்ளையிடம் இரண்டு தரம் கேட்டேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது வாரண்டிக் காட்டின் என் மொழிபெயர்ப்பு பையில் இருந்ததை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கம், விலக்குப் பட்டியல், அரிப்பு. பத்தொன்பது நாள் முந்தி இது செத்திருந்தாலும், கொழும்பில் மூடியைத் திறந்து அந்தப் பச்சையைக் கண்டவுடன் அந்த ஒரு சொல்லைக் காட்டித் திருப்பி அனுப்பியிருப்பார்கள். தகவலுக்கு எப்படியும் பொறுப்பில்லை. அந்தப் பத்தொன்பது நாளுக்காக நான் தூங்காமல் கிடந்த இரவுகளை நினைத்தேன், சீனக்குடா வரும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

மேசையை யன்னலிலிருந்து உள்ளறைக்கு மாற்றியாயிற்று. கடல் தெரிவதில்லை, இரைச்சல் மட்டும் கேட்கிறது. மாரியில் பாவிக்காத நாளிலும் அரை மணித்தியாலம் போட்டுச் சூடாக்கச் சொன்னார் நானா, செய்கிறேன். இரவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள், சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற சிலிக்கா பொட்டலங்களோடு வைக்கிறேன். மனைவி அந்தப் பெட்டிக்குத் தொட்டில் என்று பெயர் வைத்திருக்கிறாள்.

48 இலக்கத்தையும் தடித்த தாளில், கறுப்பு மையில், ஆறு ஆறாக எழுதினேன். எழுதி முடித்தபின் கை தானாக முத்திரைப் பக்கம் போனது. மூலத்துடன் ஒப்பிட்டுச் சரியெனச் சான்றுபடுத்துகிறேன் என்று குத்தி, கையொப்பம் வைத்து, திகதியும் போட்டு, எங்கள் வளவின் உறுதி இருக்கிற கோப்புக்குள் நானாவின் கொப்பித் தாளோடு சேர்த்து வைத்தேன்.